கண்ணை மூடினால் ஆமா

பிளோரன்ஸ் அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் தொண்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும். கம்போங் குவாந்தான் படகுத்துறையில் மின்மினி பார்க்க வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் எடுத்துக் கொடுத்து, கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து அனுப்புவது அவள் வேலை. நான் டிக்கெட் கவுண்டரில். படகு கிளம்பும் முன் அக்கா ஒரு சத்தம் போடுவாள். ஃபோனில் ப்ளாஷ் அடிக்கக் கூடாது, அடித்தால் பூச்சி போய்விடும் என்பதை மலாயில், தமிழில், தன் சொந்த இங்கிலீஷில் என்று மூன்றிலும் மிரட்டுவாள். ஒரு தடவை கோலாலம்பூரிலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர், "ஏம்மா, கொஞ்சம் மெதுவா சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். "மெதுவா சொன்னா மனுசனுக்கு கேக்கும் சார். போன் வச்சிருக்கற கைக்கு கேக்காது" என்றாள். படகோட்டிகள் அன்று முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அவள் பிறந்தது பத்தாங் பெர்ஜுந்தைக்கு உள்ளே ஒரு தோட்டத்தில். ஆறாம் வகுப்போடு தமிழ்ப்பள்ளி முடிந்தது. அப்புறம் செம்பனை உதிரிப்பழம் பொறுக்கினாள். தோட்டத்து லோரி ஓட்டிய மத்தியாஸ் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஒரே சுவரில் ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டு வாழ்க்கையைப் பற்றி இப்போது பலர் கண் கலங்கப் பேசுகிறார்கள். அக்காவிடம் அந்தப் பேச்சு எடுபடாது. "செவுத்துக்கு அந்தாண்ட தும்முனா இந்தாண்ட கேக்கும். புருசன் பொஞ்சாதி நிம்மதியா ஒரு சண்டை போட்டுருக்கோமா அங்க?" என்பாள்.

தோட்டத்தை விற்றபோது காலி செய்யச் சொன்னார்கள். இன்னொரு தோட்டத்து லயத்துக்குப் போனார்கள். சில வருடத்தில் அங்கேயும் காலி செய்யச் சொன்னார்கள். கடைசியில்தான் கோல சிலாங்கூருக்குப் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் ஒரு வரிசை வீடு வாங்கினார்கள். நான் அதே தாமானில் பின் வரிசை. சாவி கைக்கு வந்த அன்று அக்கா முன்கதவைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இனிமே எந்தத் தோட்டத்து மண்டோரும் எந்தக் கிராணியும் என்னைய எந்திரிச்சிப் போன்னு சொல்ல முடியாது புஷ்பா" என்றாள். அவள் வாழ்க்கையில் வாய் திறந்து கேட்டு வாங்கியது அந்த வீடு ஒன்றுதான்.

அந்த வீட்டுக் கொல்லையில்தான் ஒரு காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது விழுந்தாள். ஸ்ட்ரோக். அதிலும் கெட்ட ஸ்ட்ரோக் என்றார் டாக்டர். மூளைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற தண்டில் அடித்திருக்கிறது. புத்தி முழுசாக இருக்கும், காது கேட்கும், பேசுவதெல்லாம் புரியும். ஆனால் கையோ காலோ வாயோ அசையாது. கண்ணிமை மூடித் திறக்கும், விழி கொஞ்சம் அசையும், அவ்வளவுதான். அந்தத் தொண்டைக்கா இந்தக் கதி என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். கடவுள்மேல் எனக்கு இருந்த மரியாதை அன்றைக்கே பாதி போய்விட்டது.

ஒரு மலாய்க்கார நர்ஸ்தான் வழி காட்டிக் கொடுத்தாள். கண்ணைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தால் ஆமா; படபடவென்று இரண்டு தரம் இமைத்தால் இல்லை. அக்கா அதை உடனே பிடித்துக்கொண்டாள். நான் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்பேன். தண்ணியா? ஆமா. காத்தாடி வேணுமா? இல்லை. வீட்டுக்கு அனுப்புகிற நாளில் டாக்டர், இப்படிப்பட்டவர்களைப் பராமரிப்பு இல்லத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது என்று ஒரு பேச்சு எடுத்தார். நான் அக்கா பக்கம் திரும்பி, "ஹோமுக்கு போறியா அக்கா?" என்றேன். படபடவென்று இமைத்தாள். நிறுத்தாமல் மறுபடி, மறுபடி. என்னை அறைய முடிந்திருந்தால் அறைந்திருப்பாள். மத்தியாஸ் அண்ணன் பயந்துபோய், "சரி சரி, வீட்டுக்கேதான் போறோம்" என்று அவள் தலையைத் தடவினார். அவள் வேண்டியது என்ன என்பதில் அன்றைக்கு யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு காலையில் நான் போய்விடுவேன். குளிப்பாட்ட, புரட்டிப் படுக்க வைக்க, மூக்குக் குழாய் வழியாகப் பால் விட அண்ணனும் நானும். சாயங்காலம் நான் படகுத்துறைக்கு ஓட வேண்டும். சிக்கல் என்னவென்றால், யாராவது முகத்துக்கு நேரே வந்து குனிந்தால்தான் அக்காவால் பேச முடியும். கால் மரத்துப்போனாலும், மூக்கில் ஈ உட்கார்ந்தாலும், யாராவது வந்து கேட்கிறவரை காத்துக்கிடக்க வேண்டும்.

இதைத்தான் அவர்களுடைய ஒரே மகன் ஜாரெட் சரி செய்யப் பார்த்தான். ஃபோனுக்கு ஆப் எழுதுகிற கம்பெனியில் அவனுக்கு வேலை. அம்மாவுக்காக வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தான். கட்டில் கம்பியில் ஒரு பிடியை மாட்டி, அதில் ஒரு பழைய ஃபோனை அக்கா முகத்தைப் பார்த்தாற்போல் நிறுத்தினான். ஃபோனில் கேமராவைத் திறந்தால், படம் எடுக்கும் முன்னாலேயே நம் முகம் திரையில் அசைகிறதே, அதுதான் ப்ரீவியூ. அது ஒரே படம் அல்லவாம். நொடிக்கு இத்தனை என்று படங்கள் வந்துகொண்டே இருக்கின்றனவாம். "ஒவ்வொண்ணயும் ஆப் எடுத்து கண்ணு தெறந்துருக்கா மூடியிருக்கான்னு மட்டும் பாக்கும் ஆண்ட்டி. பாத்துட்டு தூக்கிப் போட்டுட்டு அடுத்தத எடுக்கும். ஒண்ண பாத்துட்டு இருக்கறப்ப நடுவுல வர்றத விட்டுரும். கடைசியா வந்தது எதுவோ, அதுதான் அதுக்கு முக்கியம். கண்ணு மூடியிருந்தா ஆமான்னும், படபடன்னு இமைச்சா இல்லன்னும் சத்தமா சொல்லும்" என்றான். மனிதர்களும் அப்படித்தானே இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வாரம் கூத்தாக இருந்தது. அக்கா ஒருக்களித்துப் படுத்திருப்பாள். கேமராவிலிருந்து படமும் படுத்துக்கொண்டே வரும். ஆப்புக்கு அது முகம் என்றே தெரியவில்லை. அதற்குப் பதில் பின்சுவரில் தொங்கிய சர்ச் காலண்டரில் இயேசுநாதரின் முகத்தைப் பிடித்துக்கொண்டது. அவர் கண்ணை மூடவே மாட்டார் என்பதால் ஃபோன் வாயே திறக்கவில்லை. ஜாரெட் காலண்டரைக் கழற்றப் போனான். மத்தியாஸ் அண்ணன் விடவில்லை. "அவர எறக்கிட்டு உன் போன ஏத்துவியா?" என்றார். கடைசியில் ஆள் சேர்ந்து கட்டிலைத்தான் நகர்த்தினோம். அக்கா கண்ணில் சிரிப்பு இருந்ததை நான் பார்த்தேன்.

அப்புறம் படத்தை நிமிர்த்திப் பார்க்க ஆப்புக்குச் சொல்லிக் கொடுத்தான். டியூப் லைட்டின் துடிப்பு கோடு கோடாக விழுகிறது என்று அதை மாற்றினான். ஒருநாள் காலையில் நான் "பால் போதுமா அக்கா?" என்று கேட்க, அக்கா கண்ணை மூட, ஃபோன் ஒரு பெண் குரலில் "ஆமா" என்றது. சுத்தமான சென்னைக் குரல். "அக்கா, நீ இப்ப மெட்ராஸ்காரியா ஆயிட்ட லா" என்றேன். மத்தியாஸ் அண்ணன் அடுப்படியில் நின்று அழுதார். அந்தக் காலை இன்னும் எனக்குள் இருக்கிறது.

தண்ணி, வலி, புரட்டு, கழிவு என்று நாலு சொல்லும் பிறகு சேர்ந்தது. திரையில் ஒவ்வொன்றாக மின்னும், வேண்டியது வரும்போது அவள் கண்ணை மூடினால் ஃபோன் அதைச் சொல்லும். அடுத்து எழுத்து என்றான் ஜாரெட். தமிழ் எழுத்து அத்தனையையும் வரிசையாக ஓடவிட்டுக் கண்ணால் பொறுக்கச் சொன்னால் ஒரு பெயர் முடியும் முன் களைத்துப்போனாள். இங்கிலீஷ் எழுத்து அவளுக்கு ஓடாது. சுருக்கமாக ஒரு வழி செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தச் சுருக்க வழி வரவே இல்லை. ஆக அவளிடம் இருந்தது ஆமா, இல்ல, அப்புறம் அந்த நாலு சொல்.

எனக்குப் பிடிக்காதது ஒன்றும் நடந்தது. ஃபோன் வந்த பிறகு யாரும் அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டு எல்லாரும் ஃபோனைத் திரும்பிப் பார்ப்பார்கள். மத்தியாஸ் அண்ணன்கூட அக்காவின் தலைமாட்டில் இருந்த அறைவாசலில் நின்று, திரையில் தெரிகிற மனைவியைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிட்டார். கட்டில் அரை அடி தள்ளித்தான் இருந்தது.

அந்த ஆப்புக்கு ஒரு கோளாறு இருந்தது, அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அக்காவுக்குக் கண் எரிந்து தண்ணீர் வந்தால் இமை துடிக்கும். உடனே ஃபோன் "இல்ல, இல்ல, இல்ல" என்று பிதற்றும். அப்போது அதை அணைத்துவிட்டுக் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவோம். அவள் தூங்கும்போதும் அணைத்துவிடுவோம். நாள் முழுக்கக் கேமரா ஓடுவதால் ஃபோன் இஸ்திரிப்பெட்டி போலக் கொதிக்கும் என்று சாயங்காலம் கழற்றிச் சார்ஜில் போட்டுவிடுவான் ஜாரெட். அவர்கள் வீட்டில் குடும்ப ஜெபம் நடப்பது அந்த நேரத்தில்தான். அதனால் ஜெபத்தின்போது அந்த ஃபோன் விழித்திருந்ததே இல்லை.

ஒரு வருடம் இப்படி ஓடியது. அப்புறம் மத்தியாஸ் அண்ணனுக்குக் குடல் இறக்கம். பாரம் தூக்கினால் ஆளே போய்விடுவீர்கள் என்று டாக்டர் கண்டித்துவிட்டார். ஜாரெட்டுக்குப் பினாங்கில் பெரிய வேலை வந்தது. ஆபிசுக்கு நேரில் போக வேண்டிய வேலை. எனக்கோ என் வீடு, என் படகுத்துறை. கப்பாரில் ஒரு ஹோம் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். வீட்டில் அந்தப் பேச்சு குசுகுசுவென்று நடக்கத் தொடங்கியது. அக்காவுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை மறந்துபோனார்கள்.

மத்தியாஸ் அண்ணன் நல்ல மனிதர். அவளைக் கேட்காமல் செய்ய அவருக்கு மனசு வரவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் பாஸ்டரை வரவழைத்தார். ஜாரெட், அண்ணன், பாஸ்டர் மூவரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நான் கால்மாட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஃபோன் அதன் பிடியில் விழித்திருந்தது.

"பிளோரன்ஸ், என்னால தூக்க முடியல" என்றார் அண்ணன். "தம்பியும் பினாங்குக்கு போறான். கப்பார்ல ஒரு எடம் இருக்கு. நல்லா பாத்துக்குவாங்களாம். போறியா? நீ சொல்றதுதான் முடிவு."

அக்கா பதில் சொல்லும் முன் பாஸ்டர் கையை உயர்த்தினார். "அவசரப்படுத்தாதீங்க பிரதர். ஆண்டவர் மொதல்ல சிஸ்டர் மனசுல பேசட்டும். அதுக்கப்பறம் சிஸ்டர் பதில் சொல்லட்டும். ஜெபிப்போம்" என்றார்.

எந்தப் பெரிய காரியமானாலும் அந்த வீட்டில் அதுதான் முறை. மூன்று பேரும் தலை குனிந்து கண்ணை மூடினார்கள். நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். எங்கள் வீட்டில் சாமியைக் கண்ணால் பார்த்துத்தான் கும்பிடுவோம். கண்ணை மூடி எனக்குப் பழக்கமில்லை. அதனால் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவும் மூடினாள். பிறந்த நாள் முதல் 'ஜெபிப்போம்' என்ற சொல்லுக்குக் கண்ணை மூடியே வளர்ந்தவள், அன்றைக்கும் மூடினாள். பாஸ்டர் "பரலோகப் பிதாவே" என்று தொடங்கி இரண்டாம் வாக்கியத்துக்குப் போகவில்லை. ஃபோன் தெளிவாக "ஆமா" என்றது.

மத்தியாஸ் அண்ணன் விம்மி வெடித்தார். "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றார். வேண்டுதலாகத் தொடங்கிய ஜெபம் அங்கேயே நன்றி சொல்லும் ஜெபமாகிவிட்டது. யாரும் கண்ணைத் திறக்கவில்லை.

திறந்தவள் அக்கா மட்டும்தான். அந்தக் கண் முதலில் ஃபோனைப் பார்த்தது, அப்புறம் என்னைப் பார்த்தது. படபடவென்று இமைத்தாள். கண்ணீர் கொட்டியது. ஃபோன் "இல்ல" என்றது. "இல்ல, இல்ல, இல்ல" என்றது. ஜாரெட் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். "கண்ணுல தண்ணி வந்துருச்சி, தப்பா சொல்லுது" என்று முணுமுணுத்து ஃபோனை அணைத்தான். பொய்யாக வந்த ஆமாவை எல்லாரும் நம்பினார்கள். மெய்யாக வந்த இல்லையை அணைத்துவிட்டார்கள்.

ஆமென் சொல்லி முடித்ததும் நான் சும்மா இருக்கவில்லை. "அண்ணே, அக்கா ஜெபத்துக்குத்தான் கண்ண மூடுனா. அத போய் போன் ஆமான்னு சொல்லிருச்சி. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றேன்.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீ கண்ண மூடலியா?"

"இல்ல."

"அப்ப நீ ஜெபத்துல இல்ல புஷ்பா. உள்ள இருந்தவங்களுக்குத்தான் அது தெரியும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. எத்தனையோ மாதமாக முதுகிலும் மனசிலும் தூக்கிய பாரத்தைக் கடவுளே இறக்கி வைத்துவிட்டார் என்று நம்பிய முகம். அந்த முகத்தோடு வாதாடுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

"இன்னொரு வாட்டி கேளுங்களேன்" என்றேன்.

"அவர் முன்னால கேட்டாச்சி. பதிலும் வந்தாச்சி. திரும்பக் கேட்டா அவரையே சோதிக்கற மாதிரி" என்று சொல்லிவிட்டு, பாஸ்டரை வழியனுப்ப கேட்டுக்குப் போனார்.

நான் குனிந்து அக்காவிடமே கேட்டேன். இமைத்தாள், இமைத்தாள். "ஜாரெட், இங்க வந்து பாரு" என்றேன். அவன் வயரைச் சுருட்டியபடி எட்டிப் பார்த்தான். "கண்ணு எரியுது ஆண்ட்டி அவங்களுக்கு. ட்ராப்ஸ் போடுங்க" என்றான். பெற்ற அம்மாவின் கண்ணைப் பார்த்து அவன் சொன்னது அதுதான்.

மறுநாள் அவனே என் வீட்டு வாசலில் வந்து நின்றான். தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "ஆண்ட்டி, நீங்க சொன்னதுதான் நடந்துருக்கும்னு நெனைக்கிறேன். கண்ணு மூடுனா ஆமான்னு நான்தானே எழுதுனேன். ஜெபத்த நான் யோசிக்கவே இல்ல" என்றான்.

"அத போய் ஒங்கப்பாகிட்ட சொல்லு."

"சொன்னேன். காட்டுன்னு சொல்றாரு. காட்ட ஒண்ணுமில்ல ஆண்ட்டி. ப்ரீவியூ வந்து வந்து போயிரும், எதயும் சேத்து வைக்கல. அம்மா குளிக்கறது, துணி மாத்தறது எல்லாம் அது முன்னாலதான் நடக்குது. ஒரு படம்கூட தங்கக் கூடாதுன்னு நான்தான் அப்படி செஞ்சேன்."

"படம் எதுக்குடா? ஒங்கம்மா உசுரோட உள்ள படுத்திருக்கா. போய் மூஞ்சப் பாத்துக் கேளு."

அவன் கேட்கப் போகவில்லை. பினாங்கு வேலைக்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவனுக்குத் தெரியும். வந்தால் என்ன செய்வது என்று தெரியாது. கெட்ட பிள்ளை இல்லை அவன். இல்லையென்றால் அந்த ஆப்பை எழுதியிருக்க மாட்டான். ஆனாலும் அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

அந்த வாரமே வேன் வந்தது. அக்காவைத் தூக்கி ஏற்றும்போது முன்கதவு அகலம் போதவில்லை; ஸ்ட்ரெச்சரைச் சாய்த்துத்தான் வெளியே எடுத்தார்கள். அக்கா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு போனாள்.

ஹோமில் ஆட்கள் நல்லவர்கள்தான். நேரத்துக்குப் புரட்டினார்கள், நேரத்துக்குப் பால் விட்டார்கள், உடம்பில் ஒரு புண் வர விடவில்லை. ஆனால் ஃபோனைக் கட்டிலில் மாட்ட விடவில்லை. ஒரே அறையில் மற்றப் பெண்களும் படுத்திருக்கிறார்கள், நாள் முழுக்கக் கேமரா திறந்திருந்தால் அவர்கள் வீட்டார் சும்மா இருப்பார்களா என்றார்கள். படம் எதுவும் தங்காது என்று ஜாரெட் எவ்வளவோ சொன்னான். கேமரா கேமராதான் என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. அத்தோடு அக்காவிடம் இருந்த ஆறு சொல்லும் போயின. குனிந்து கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மத்தியாஸ் அண்ணனும் பாஸ்டரும் ஹோமுக்குப் போவார்கள். நானும் அந்தக் காரில் தொற்றிக்கொள்வேன். போனதும் கட்டிலைச் சுற்றி நின்று ஜெபம். முதல் ஞாயிறே நான் அதைப் பார்த்துவிட்டேன். அக்கா கண்ணை மூடவில்லை.

மூடாதது மட்டுமல்ல, இமைக்கவும் இல்லை. முடிந்தவரை அகலத் திறந்து வைத்திருந்தாள். கண் சிவந்து, ஓரத்தில் நீர் கோத்து வழிந்தது. அப்படியும் பிடிவாதமாகத் திறந்தே இருந்தது. ஆமென் சொன்ன பிறகுதான் இமைத்தாள். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும். அந்த அறையில் ஃபோனே கிடையாது. ஆனாலும் இன்னொரு தரம் யாரும் தன் ஜெபத்தை ஆமா என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்று காவல் இருந்தாள். ஆசையாக ஜெபம் செய்துகொண்டிருந்த ஒருத்தியிடம் மிச்சமிருந்த ஜெபத்தையும் நாங்கள் பிடுங்கிவிட்டோம். அண்ணனிடம் சொல்ல வாயெடுத்தேன். கண் மூடாதவள் சாட்சி செல்லாது என்று முன்பே தீர்ப்பாகிவிட்டதே, வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு பாஸ்டர் நீளமாக ஜெபித்துக்கொண்டிருந்தார். நடுவில் அக்காவுக்குத் தொண்டையில் சளி கரகரத்தது. மத்தியாஸ் அண்ணன் பயந்து கண்ணைத் திறந்தார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்து, சிவந்து, நீர் ஒழுகி, ஒரு இமைப்பு இல்லாமல். அண்ணன் அப்படியே நின்றார். அப்புறம் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் ஆமெனுக்குக் காத்திருக்கவில்லை. கட்டில் ஓரத்தைப் பிடித்து, வலியோடு குனிந்து, அவள் முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனார். ஃபோன் வந்த பிறகு அவர் அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை.

"பிளோரன்ஸ். அன்னிக்கி நீ ஜெபம்தான் பண்ணுனியா?"

பாஸ்டர் நிறுத்திவிட்டார். அக்கா கண்ணை மூடினாள். மூடியே வைத்திருந்தாள்.

"இங்க வர ஒனக்கு இஷ்டமே இல்லியா?"

அவள் கண்ணைத் திறந்து, மறுபடி மூடினாள்.

"வீட்டுக்கு போலாமா?"

அந்த மூன்றாவது ஆமா ரொம்ப நேரம் இருந்தது. மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணீர் காதுப்பக்கம் இறங்கியது. அண்ணன் அவள் நெற்றியில் தன் நெற்றியை வைத்து, "என்னைய மன்னிச்சிரு, என்னைய மன்னிச்சிரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பாஸ்டர் வராந்தாவுக்குப் போய்விட்டார். அவரும் அழுதிருப்பார் என்று நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு கூட்டிப்போவது என்று முடிவானது. ஜாரெட் பினாங்கிலிருந்து லீவு போட்டுவிட்டு வருவதாகச் சொன்னான். தூக்குவதற்கு ஒரு இந்தோனேசியப் பெண்ணை ஏற்பாடு செய்தோம். நான் வீட்டைக் கழுவி, கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டேன். புதன்கிழமை அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. சளி நெஞ்சில் இறங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளிக்கிழமை விடியும்போது போய்விட்டாள். இரண்டு நாள். அந்த இரண்டு நாளை யாரிடம் போய்க் கேட்பது?

சவப்பெட்டிக்கு முன்னால் வைக்கப் படம் தேடினோம். அத்தனை மாதம் கேமராவுக்கு முன்னாலேயே கிடந்தவளுக்கு, அந்த நாட்களில் ஒரு படம்கூட இல்லை. ஜாரெட் அந்தப் பழைய ஃபோனை எடுத்து வெறுமனே தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசியில் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கினார்கள். அதில் அக்கா யாரையோ திட்டப்போகிறவள் போல இருந்தாள். எனக்கு அது பிடித்திருந்தது.

பெட்டியை ஹாலில் வைத்திருந்தார்கள். தாமானே வந்து நின்றது. பாஸ்டர் பைபிளை மூடிவிட்டு, "ஜெபிப்போம்" என்றார். எல்லாரும் தலை குனிந்து கண்ணை மூடினார்கள். ஜாரெட்டும் மூடினான். நான் மூடவில்லை. பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்ற மத்தியாஸ் அண்ணனும் மூடவில்லை. பாஸ்டர் ஆமென் சொல்கிறவரை அவர் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.